பெர்லினா, ரோஸ்டாக்கா? கப்பல் நிற்கும் அந்த ஒரு நாள்

மீனாட்சி_மதுரை

எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி பால்டிக் கடலைச் சுற்றி வரப் போகிறோம். நான், கணவர், 14 வயது மகன், 70 வயது மாமியார். விசா கைக்கு வந்துவிட்டது. முதலில் நிற்கும் துறைமுகம் ஜெர்மனியில் உள்ள வார்னெமுண்டே. காலை 7 மணிக்குக் கரை சேரும், இரவு 9 மணிக்குக் கிளம்பும், 8.30க்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும்.

பயண அட்டவணையில் ‘பெர்லின்’ என்று பெரிதாகப் போட்டு, ‘வார்னெமுண்டே’ என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் பெர்லின் 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், திரும்பி வர மூன்று மணி நேரம். கப்பலிலேயே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்கு நாலு பேருக்கும் சேர்த்து 80,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெர்லினைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் கணவர். மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப் போவது சரியா என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. பக்கத்திலேயே ரோஸ்டாக் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறதாமே, அங்கேயே இருந்துவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் முன்பதிவு செய்ய வேண்டும்.

நெல்லை_வாத்தியார்

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை அம்மா. பெர்லின் போய் வாருங்கள்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். பனிப்போர் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்து, இதுதான் பெர்லின் சுவர் என்பேன். ஓய்வு பெற்ற பிறகு, 2018இல், உங்களைப் போலவே கப்பலில் போய் வார்னெமுண்டேயில் இறங்கி, பஸ் ஏறி பெர்லின் போனேன். அங்கே போய்த்தான் தெரிந்தது, நான் போட்ட படம் பாதிதான் சரி. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச அரசு கட்டிய அந்தச் சுவர், ஊருக்கு நடுவில் மட்டும் போகவில்லை. மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டருக்கு வளைத்திருந்தது. வளைக்கப்பட்டவர்கள் சுதந்திரமாக இருந்தார்கள், வெளியே இருந்தவர்கள்தான் சிறையில் இருந்தார்கள். இத்தனை வருடம் புத்தகத்தில் படித்தும் மண்டையில் ஏறாத விஷயம், அந்தத் தெருவில் நின்ற பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

1961 ஆகஸ்ட் 13 ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால் தெருவுக்குக் குறுக்கே முள்வேலி. பெர்னவர் தெருவில் ஒரு வரிசை வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, அந்த வீடுகளின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. சனம் ஜன்னல் வழியே குதித்தது. அங்கே இப்போது சுவரின் ஒரு துண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், இடிந்து போன பகுதிக்கு இரும்புக் கம்பிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். செத்தவர்களின் புகைப்படங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளில் வரிசையாக இருக்கின்றன. சுவரில் மாண்டவர்கள் குறைந்தது 140 பேர். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

உங்கள் மகனுக்கு 14 வயது. பார்க்க வேண்டிய வயது இதுதான். இனி எப்போது அந்தப் பக்கம் போகப் போகிறீர்கள்?

வார்னோ_கரை

மீனாட்சி அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், பன்னிரண்டு வருடமாக ரோஸ்டாக்கில் இருக்கிறேன். ஒவ்வொரு கோடையும் இதே காட்சியைத்தான் பார்க்கிறேன். காலையில் பெரிய கப்பல் வந்து நிற்கும். துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் பேருந்துகளில் சனம் ஏறும். ஏறினதும் யன்னல் திரையை இழுத்துவிட்டு நித்திரை. இரவு எட்டு மணிக்குக் களைத்துப்போய் வந்து இறங்கி, நேரே கப்பலுக்குள் போய்விடுவார்கள். தாங்கள் இறங்கிய ஊரின் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக இதைப் பார்த்தும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கப்பல் நிற்கிற இடத்திலிருந்து வார்னெமுண்டே புகையிரத நிலையம் சில நிமிட நடை. அங்கேயிருந்து ரோஸ்டாக்கிற்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நிலையத்துக்கு மற்றப் பக்கம் பழைய ஆற்று வாய்க்கால், ‘ஆல்டர் ஸ்ட்ரோம்’ என்று சொல்வார்கள். மீன்பிடிப் படகுகளைக் கரையோடு கட்டி, படகிலேயே மீனைப் புகை போட்டு, வட்டப் பாணுக்குள் வைத்து விற்பார்கள். ஊறுகாய் போட்ட ஹெரிங் மீன், வெங்காய வளையம், கொஞ்சம் சீவிய முட்டைக்கோவா. வாங்கினதும் சுவரோடு சாய்ந்து நின்று சாப்பிடுங்கோ, கையை நீட்டிப் பிடித்தால் கடற்காகம் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போய்விடும். போன ஆவணியில் என்ரை மகளின் கையில் பாண் மட்டும்தான் மிஞ்சியது.

வாய்க்கால் முடிகிற இடத்தில் 1898இல் கட்டி முடித்த வெளிச்சவீடு. அதற்குப் பக்கத்தில் வளைந்த சிப்பி மாதிரிக் கூரை போட்ட ஒரு கட்டடம், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் 1968இல் கட்டியது. அதற்கு அங்காலே வெள்ளை மணல் கடற்கரை, அகலமென்றால் அவ்வளவு அகலம். மணலில் கூடை போல முடைந்த, கூரை வைத்த நாற்காலிகளைக் காண்பீர்கள். அது பிறந்ததே இங்கேதான். 1882இல் வாத நோய் பிடித்த ஒரு அம்மா, காற்று அடிக்காமல் கடற்கரையில் இருக்க ஒரு இருக்கை வேண்டும் என்று ரோஸ்டாக்கின் கூடை முடைபவர் பார்டெல்மானிடம் கேட்டு வாங்கினார். முட்டு வலி உள்ளவருக்கென்றே செய்த நாற்காலி, அக்கா. உங்கள் மாமியாரை அதில் இருத்திப் பாருங்கோ.

நெல்லை_வாத்தியார்

தங்கச்சி, உங்கள் ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் கடற்கரையும் மீனும் மதுரையிலிருந்து நாலு மணி நேரத்தில் எங்கள் பக்கமே கிடைக்கும். அதற்காக ஐரோப்பா வரைக்கும் போக வேண்டுமா? முன்பு இந்தக் கப்பல்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு நாள் நிற்கும். 2022இல் போர் தொடங்கியதிலிருந்து அங்கே போவதில்லை. இப்போது இந்தப் பால்டிக் சுற்றில் இருபதாம் நூற்றாண்டைக் கண்ணால் பார்க்க பெர்லினை விட்டால் வேறு இடம் எது?

வார்னோ_கரை

ஐயா, கோவிக்கக் கூடாது. நீங்கள் சொன்ன அதே கதைதான் இங்கேயும் நடந்தது. ரோஸ்டாக்கும் கிழக்கு ஜெர்மனிதான். இங்கே சுவர் கட்டவில்லை, கடலையே சுவராக்கினார்கள். எதிர்க்கரையில் டென்மார்க்கின் கெட்ஸர், ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. கரை முழுக்கக் காவல் கோபுரம், இரவில் தேடு விளக்கு. ஒரு ரப்பர் படகு வாங்கினாலே சந்தேகப்படுவார்களாம், அயல்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் இந்தக் கடலால் தப்பப் பார்த்தார்கள். கனபேர் பிடிபட்டார்கள், கனபேர் கடலில் மூழ்கிப் போனார்கள். 1971இல் ரோஸ்டாக்கின் மருத்துவர் ஒருவர், பீட்டர் டோப்லர், கூலுங்ஸ்போர்ன் கரையில் இறங்கி மேற்கு ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவுப் பக்கம் 45 கிலோமீட்டர் நீந்தினார். இருபத்தைந்து மணித்தியாலம். கூலுங்ஸ்போர்னில் அந்தக் காவல் கோபுரம் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது.

1989 இலையுதிர் காலத்தில் இங்கே மேரி தேவாலயத்தில் வியாழக்கிழமைகளில் சனம் கூடிப் பிரார்த்தனை செய்துவிட்டு, மெழுகுதிரியோடு தெருவில் இறங்கியது. அந்தப் பிரார்த்தனைகளில் பேசிய போதகர் யோவாகிம் கவுக். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 1951இல், தகப்பனைப் பிடித்துக்கொண்டு போய் சைபீரியாவில் போட்டார்கள். 2012இல் அவர் ஜெர்மனியின் ஜனாதிபதியானார். இருபதாம் நூற்றாண்டு வேண்டுமென்றால் இருபது நிமிடத்தில் இருக்கிறது, ஐயா. கடலைப் பார்த்துவிட்டு ஓடவேண்டி வந்த சனம் நாங்கள். அதாலேயோ என்னவோ, அந்தக் கரையில் நிற்கிறபோது எனக்கு பெர்லின் சுவரைவிட இது கூடச் சுடுகிறது.

நெல்லை_வாத்தியார்

நீங்கள் கடைசியாக எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை தங்கச்சி. கடல் பற்றிய அந்தப் பகுதி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் ஒரு பையனுக்கு முதன்முதலாக அந்த வரலாற்றைக் காட்டுவதற்கு பெர்லின்தான் என்ற என் கருத்து மாறவில்லை. கடல் திரும்பவும் கடலாகிவிட்டது, அதைப் பார்த்து அவனால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சுவர் அப்படி இல்லை. கையை வைத்துத் தொட்டுப் பார்க்கலாம்.

தனிவழி

போகலாம், ஆனால் கப்பல் சுற்றுலாவில் போகாதீர்கள் என்பது என் கட்சி. வாத்தியார் ஐயா சொன்ன பெர்னவர் தெரு, பல சுற்றுலாக்களில் கிடையாது. பெரும்பாலும் பழைய எல்லைச் சோதனைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லியில் இறக்கிவிடுவார்கள். அங்கே நிற்கும் அந்த வெள்ளைக் காவல் கூண்டு 2000இல் வைத்த நகல். சுற்றிலும் உணவுக் கடையும் நினைவுப்பொருள் கடையும்தான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ஐம்பது பேர் கழிப்பறைக்குப் போய்வர அரை மணி நேரம். பெர்லினில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் நீங்கள் காலால் நடப்பது இரண்டு மணி நேரம்கூட இருக்காது.

நானும் மனைவியும் ரோஸ்டாக் போய் அங்கிருந்து ரயிலில் பெர்லின் போனோம். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம். முன்பே பதிவு செய்ததால் கப்பல் சொன்ன விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. நேரே பெர்னவர் தெரு, அப்புறம் பிராண்டன்பர்க் வாசல், அதன் பக்கத்திலேயே, நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவிடம். 2,711 கான்கிரீட் பாளங்கள். வெளியே நின்று பார்த்தால் முழங்கால் உயரம்தான், உள்ளே போகப் போக தரை இறங்கி, கல் தலைக்கு மேல் போய்விடும். மனைவி இரண்டு வரிசை தள்ளித்தான் நடந்தாள், குரல் மட்டும் கேட்டது, ஆளைக் காணவில்லை. அதை ‘பத்து நிமிடத்தில் பஸ்ஸுக்கு வாருங்கள்’ என்று சொல்லும் வழிகாட்டியோடு பார்க்க முடியாது.

சிங்கை_செழியன்

மேலே ‘தனிவழி’ எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. தயவுசெய்து யாரும் அப்படிப் போகாதீர்கள்.

நான் அப்படித்தான் போனேன். திரும்பும்போது நாலேகால் மணிக்கு பெர்லினில் ரயில் ஏறினோம். கணக்குப்படி ஏழு மணிக்குக் கப்பலில் இருந்திருக்க வேண்டும். பாதி வழியில் வாரன் என்ற சின்ன ஊரில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் காற்றுக்கு மரம் சாய்ந்துவிட்டதாம். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்காரர்தான் அறிவிப்பை மொழிபெயர்த்துச் சொன்னார். ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். மகளுக்கு அப்போது ஆறு வயது. ‘அப்பா, நம்ம பெட்டியெல்லாம் கப்பல்ல இருக்கே, அது நம்மள விட்டுட்டுப் போயிடுமா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வார்னெமுண்டேயில் இறங்கி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைசி நேரத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அன்று பெர்லினில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அந்த ரயில் பெட்டியின் நீல இருக்கைத் துணி மட்டும் நினைவிருக்கிறது.

போவதானால் கப்பல் சுற்றுலா. இல்லையென்றால் அந்த ஊரிலேயே இருங்கள். நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

தனிவழி

செழியன் அண்ணா, உங்களுக்கு நடந்தது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலேகால் ரயில் ரொம்பப் பிந்திய ரயில். நாங்கள் இரண்டரைக்கே கிளம்பிவிட்டோம். அடுத்தடுத்து இரண்டு ரயில் விட்டாலும் சமாளிக்கும்படி நேரம் வைத்துக்கொண்டோம்.

சிங்கை_செழியன்

தம்பி, இரண்டரைக்குக் கிளம்பினால் பெர்லினில் நாலு மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் வார்னோ_கரை சகோதரி சொன்னதுதானே சரி? நாலு மணி நேரத்துக்காக ஐந்து மணி நேரம் ரயில்.

தனிவழி

நாலு மணி நேரம் போதுமாக இருந்தது எங்களுக்கு. ஆனால் முட்டி வலியுள்ள பெரியவரோடு இந்த வேகத்தில் முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடி_சமையல்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது வருசம் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன். இந்த நேர விஷயத்தை உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஒவ்வொருத்தரும் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைத் தட்டுவீர்கள் இல்லையா, அந்தக் கணக்கு அந்தந்த நிமிசத்துக்குக் கணினியில் தெரியும். கப்பலின் சொந்தப் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் வழிகாட்டி போன் போடுவார், பஸ்ஸில் எத்தனை பேர் என்று மேலே தெரியும், காத்திருப்பார்கள். அப்படியும் முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவருக்கு அது கிடையாது. கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்தில் இடத்துக்கு நேரம் குறித்திருக்கும், வழிகாட்டும் பைலட் ஏறும் நேரம் முன்பே குறித்தது, ஒரு மணி நேரம் தாமதித்தால் அடுத்த ஊர் வரை எல்லாம் தள்ளும். நான் இருந்த கப்பலில், வராதவர்களின் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் இருக்கும் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்தக் கவரைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கரையில் நிற்பதை மேல்தளத்திலிருந்து இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தாலின், ஹெல்சிங்கி போகும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். போன் தானாக மாறும், கப்பல் நேரம் மாறியதா என்று அறையில் வைக்கும் தாளில் பாருங்கள். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

வார்னெமுண்டே பற்றிக் கேட்டால், எங்களுக்கு மதியச் சமையலுக்கும் ராத்திரிச் சமையலுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். துறைமுகத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம் என்பதால் சிப்பந்திகள் எல்லாருக்கும் பிடித்த இடம் அது. நானும் சேர்ந்தாப்பல இருபது தடவை போயிருப்பேன். அந்தக் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு போன் போடுவேன். பெர்லினை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க ஆசை இருந்தது.

அக்கா, ஒரு விஷயம் கேட்கட்டுமா? இத்தனை பேர் உங்கள் மாமியார் முட்டியைப் பற்றியே பேசுகிறோம். அவர்களிடம் கேட்டீர்களா?

மீனாட்சி_மதுரை

கேட்கவில்லை தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் கேட்டேன். அதற்காகத்தான் இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லாருடைய பதிவுகளையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார்கள். வலிக்கிறது போல என்று நினைத்தேன். உள்ளே பீரோவைத் திறந்து, மாமனாரின் தபால்தலை ஆல்பத்தை எடுத்து வந்தார்கள். மாமனார் தவறி ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆல்பத்தை நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. ஒரு பக்கம் முழுக்க ஜெர்மனித் தபால்தலை. எதிர்ப் பக்கம் முழுக்க ‘டி.டி.ஆர்.’ என்று மூன்று எழுத்துப் போட்ட கிழக்கு ஜெர்மனித் தபால்தலை. பறவை, ரயில், ராக்கெட் என்று கலர் கலராக. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாமனார் பென்சிலால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் மாமியார் கேட்டாராம், ‘ஒரே நாடுன்னு சொல்றீங்க, ஏன் ரெண்டு பக்கத்துல ஒட்டியிருக்கீங்க?’ என்று. அதற்கு அவர் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளக்கியிருக்கிறார். 1989 நவம்பரில் சுவர் மேல் ஆட்கள் ஏறி நிற்பதை டிவியில் காட்டியபோது, அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்து மாமியாரைக் கூட்டிப் போய்க் காட்டினாராம். எங்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. ‘அந்தக் கோட்டை அழிச்சிடலாமே’ என்று இவர் கேட்க, ‘இருக்கட்டும், இருந்ததுன்னு தெரியணும்’ என்றாராம்.

அப்புறம் மாமியார் சொன்னது இது: ‘பஸ்ல உக்காந்துதானே போறது? உக்காந்தா எனக்கு வலிக்காது, நடந்தாத்தான் வலிக்கும். திருச்சிக்கு உன் நாத்தனார் வீட்டுக்கு மாசம் ஒரு தடவை பஸ்லதான போறேன்?’ எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வார்னோ_கரை

அக்கா, நான் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். அம்மா பெர்லின் போகட்டும்.

நெல்லை_வாத்தியார்

அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெர்னவர் தெருவுக்கு அவரால் நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. சுற்றுலா பஸ் எப்படியும் பிராண்டன்பர்க் வாசலில் நிற்கும். 1961லிருந்து 1989 டிசம்பர் வரை அந்த வாசல் யாரும் நுழைய முடியாத இடமாக, எல்லைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. வாசலுக்கு மேற்குப் பக்கம், தெருத் தரையில் பாருங்கள். இரட்டை வரிசையாகக் கருங்கல் பதித்திருப்பார்கள், தாரோடு தாராக, சுவர் ஓடிய வழியை அப்படியே காட்டும். சில அடிகள்தான் நடக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வாசலைப் படம் எடுக்கும் அவசரத்தில் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். அம்மாவை அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவர் வீட்டுக்காரர் போட்ட கோடு அதுதான்.

சிங்கை_செழியன்

பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் இறங்கும்போது முட்டி பிடித்துக்கொள்ளும். என் அம்மாவுக்கு அப்படித்தான். வழியில் ஒரு இடத்தில் நிறுத்துவார்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

தூத்துக்குடி_சமையல்

பேருந்தில் நடுக் கதவை ஒட்டிய இருக்கை கிடைத்தால் நல்லது, காலை நீட்டலாம். அதற்குக் காலையில் சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நின்று பஸ் எண் ஸ்டிக்கரை வாங்கிவிடுங்கள். ‘குறைந்த நடை’ என்று குறித்த சுற்றுலா இருந்தால் அதையே எடுங்கள். அம்மா சைவமா? அப்படியானால் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே சுற்றுலா மேசையில் எழுதிக் கொடுங்கள். அன்றைக்குக் காலையில் சொன்னால் உருளைக்கிழங்கும் சாலட்டும்தான் வரும்.

மீனாட்சி_மதுரை

சைவம்தான். எழுதிக் கொடுக்கிறேன்.

முன்பதிவு முடிந்தது. கணவரும் மாமியாரும் பெர்லின் போகிறார்கள், இரண்டு டிக்கெட். வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, மகன் என்னோடு ரோஸ்டாக்கில்தான் இருப்பேன் என்கிறான். கடலில் 25 மணி நேரம் நீந்திய டாக்டரைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்தக் காவல் கோபுரத்தைப் பார்க்க வேண்டுமாம். அவன் நீச்சல் கற்றுக்கொள்கிறவன். 45 கிலோமீட்டர் என்றால் அவன் நீந்தும் குளத்தில் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ராஜி என்று கூப்பிடலாமா? உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வார்னோ_கரை தங்கச்சி, அந்தக் கோபுரத்துக்கு எப்படிப் போவது?

நெல்லை_வாத்தியார்

கோபம் எதற்கு அம்மா? பையன் கேள்வி கேட்டுவிட்டான். எந்த ஊரில் பதில் தேடினால் என்ன!

வார்னோ_கரை

ராஜி இல்லை அக்கா, ஆனால் நீங்கள் வைத்த பெயர் நல்லாயிருக்கு, அப்படியே கூப்பிடுங்கோ.

ரோஸ்டாக்கிலிருந்து பாட் டோபரான் வரை புகையிரதம். அங்கேயிருந்து ‘மொல்லி’ என்ற நீராவி ரயில், 1886இல் தொடங்கியது. டோபரானில் கடைத்தெருவுக்கு நடுவாலே மணி அடித்துக்கொண்டு போகும், பக்கத்தில் சனம் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கும். மகனுக்குப் பிடிக்கும். அது கூலுங்ஸ்போர்னில் கொண்டுபோய் விடும், கோபுரம் கடற்கரையோரம். அதற்கு ஒரு பின்னேரம் முழுதும் வேண்டும், ஆறு மணிக்கு முன்னம் வார்னெமுண்டேக்குத் திரும்பிவிடுங்கோ.

காலையில் அவசரப்படாமல் ரோஸ்டாக்கைப் பாருங்கோ. மேரி தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் ஒரு வானியல் மணிக்கூடு இருக்கிறது, 1472இல் ஹான்ஸ் டூரிங்கர் என்பவர் செய்தது. 1942இல் குண்டு போட்டு ஊரே எரிந்தபோதும் தப்பியது. அதன் நாட்காட்டித் தட்டு 2017 வரைக்கும்தான் எழுதியிருந்தது, இப்போது 2150 வரைக்கும் புதுத் தட்டு போட்டிருக்கிறார்கள். நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது மேலே ஒரு கதவு திறந்து, சீடர்கள் ஒவ்வொருவராக இயேசுவுக்கு முன்னால் நடந்து, மற்றக் கதவால் உள்ளே போவார்கள். கடைசியாக வருகிற யூதாசுக்கு மட்டும் கதவு சாத்திக்கொள்ளும். முழுக்க ஒன்றிரண்டு நிமிடம்தான், தவறவிட்டால் அடுத்த நாள் வரை இல்லை.

மீனாட்சி_மதுரை

11.40க்கே போய் நிற்கிறோம் ராஜி. நீங்களும் மகளும் அன்று சும்மா இருந்தால் வாருங்கள். மீன் வைத்த அந்த பன்னை நான் வாங்கித் தருகிறேன், சுவரோடு சாய்ந்தே நின்று சாப்பிடலாம்.